கயிறு கட்டத் தெரிந்தவர்கள்



எங்களுக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊரில் ஓ.எல். எழுதியதோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கிலாந்துக்கு வந்த நான்கு வருடங்களாக ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இரவில் பெட்டி அடுக்கும் வேலை. இந்தப் பக்கங்களில் விசா, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று பலரும் பயனுள்ளவற்றை எழுதுகிறார்கள். நாங்கள் ஒரு விளையாட்டுக் கப்பலைப் பற்றி எழுதப் போகிறோம். சிரிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

எங்களுக்கு ஒரு மகன், பத்து வயது. வீட்டுக்கு வரும் கடிதங்களை அவன்தான் வாசித்துச் சொல்வான். வைத்தியரிடம் போனாலும் அவன்தான் கதைப்பான். முதலில் இது பெருமையாக இருந்தது. போகப்போக அவன் எங்களைப் பார்க்கும் பார்வை மாறியது. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அடிக்கவும் மனம் வரவில்லை, அழவும் முடியவில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் வரும். உங்களில் பலருக்கு இது புதிதாக இராது.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தனியே இருக்கிறார். மரத்தால் கப்பல் மாதிரிகள் செய்வது அவரது பொழுதுபோக்கு. ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, பாதி கட்டிய கப்பலொன்றைக் காட்டினார். உடல் முடிந்திருந்தது. பாய்மரங்கள் நின்றன. கயிறு ஒன்றுமில்லை. கை நடுங்குவதால் இனி நூல் கட்ட முடியாது, நீங்கள் முடித்துத் தருவீர்களா என்று கேட்டார். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று மகன் எங்களுக்காகப் பதில் சொல்லிவிட்டான். அந்தப் பதிலுக்காகவே நாங்கள் ஓம் என்று தலையாட்டினோம்.

அது சான் மார்ட்டின் என்னும் கலியன். கலியன் என்றால் அந்தக் காலத்து ஸ்பெயின்காரரின் பெரிய பாய்க்கப்பல். 1588இல் இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் அனுப்பிய கடற்படைக்கு இதுதான் தலைமைக் கப்பல். ஏறத்தாழ 130 கப்பல்கள் வந்தன, அவற்றில் கலியன்கள் இருபதளவுதான். மற்றவை பெரும்பாலும் பீரங்கி ஏற்றிய வணிகக் கப்பல்களும் சாமான் கப்பல்களும். மகன் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைப் படித்திருந்தான். அதனால் வேண்டாவெறுப்பாகவாவது வந்து பக்கத்தில் இருந்தான்.

சரித்திரப்படி சரியாகக் கட்ட வேண்டும் என்பது பெரியவரின் பிடிவாதம். அது இலேசில்லை. சான் மார்ட்டினுக்கு வரைபடம் கிடையாது. அக்காலத் தச்சர்கள் விகிதம் வைத்தே கட்டினார்கள். அகலம் ஒன்று என்றால் ஏரா, அதாவது அடிமரம், இரண்டு. முழு நீளம் மூன்று. இது பழைய கணக்கு. கலியன்கள் இதைவிடக் கொஞ்சம் நீளமானவை. 1587இல் மெக்சிக்கோவில் தியேகோ கார்சியா தெ பலாசியோ என்பவர் அச்சிட்ட நூல் போன்ற பழைய புத்தகங்களும் படங்களும்தான் இன்றைக்கு ஆதாரம்.

பெட்டியோடு வந்த சாமான்களிலும் பிழை இருந்தது. சுக்கானைத் திருப்ப ஒரு பித்தளைச் சக்கரம் கொடுத்திருந்தார்கள். பெரியவர் அதை எடுத்து அப்பால் வைத்தார். அந்தச் சக்கரம் 1700களின் தொடக்கத்தில்தான் கப்பல்களுக்கு வந்ததாம். கலியனில் சுக்கான் பிடியோடு பொருத்திய ஒரு நீண்ட தடியைச் சாய்த்துத்தான் கப்பலைத் திருப்பினார்கள். மகன் அந்தச் சக்கரத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கப்பற் கயிறு இரண்டு வகை. பாய்மரத்தை விழாமல் பிடித்திருப்பவை ஒரு வகை. அவை அசைவதில்லை, தார் பூசியிருப்பதால் கறுப்பாக இருக்கும். பாயையும் பருமலையும் ஏற்றி இறக்குபவை மற்ற வகை. அவை கப்பியில் ஓடும், நிறம் வெளிறல். முதலில் அசையாத கயிறு, பிறகுதான் ஓடும் கயிறு. இந்த ஒழுங்கு மாறினால் கை உள்ளே போகாது.

எங்கள் மாதிரியில் ஒரு சென்ரிமீற்றர் உண்மையான கப்பலில் 90 சென்ரிமீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் தடித்த கயிறு அரை மில்லிமீற்றர் நூலாகிவிடும். நூலின் பிசிர் தெரியாமல் தேன்மெழுகு தடவினோம். பாய்த் துணியைப் பழசாகக் காட்டத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தோம். வீட்டில் இருந்தது எங்கள் நாட்டுத் தேயிலைதான்.

முதல் கிழமையே பிழைவிட்டோம். தொழிற்சாலை வேகத்தில் ஒரு பக்கத்துக் கயிறுகள் அத்தனையையும் இழுத்து முடித்துவிட்டு, பிறகு மற்றப் பக்கம் போனோம். பாய்மரம் சாய்ந்துவிட்டது. பெரியவர் கோபிக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். வலப்பக்கம் ஒரு சோடி, இடப்பக்கம் ஒரு சோடி என்று மாறி மாறிக் கட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறுக்க வேண்டும் என்றார். வெட்டிய நூலைப் பார்க்க வயிறு எரிந்தது.

பிறகு ஏணிக்கயிறு. மாலுமிகள் பாய்மரத்தில் ஏறக் குறுக்கே கட்டும் படிகள் அவை. எங்கள் அளவில் ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையில் நான்கு மில்லிமீற்றர். ஆறு கயிறு, நாற்பது படி, ஒரு பக்கத்துக்கே 240 முடிச்சு. பெரியவர் நடுங்கும் விரலால் ஒரு தடித்த கயிற்றில் அந்த முடிச்சைக் காட்டத் தொடங்கினார். பாதியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் அப்பா வலையின் மேற்கயிற்றில் மிதப்புக் கட்டிய அதே முடிச்சு. சின்ன வயதில் ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறோம். நூலை எடுத்துப் பாராமலே பத்து முடிச்சுப் போட்டோம்.

பெரியவர் எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். மகன் எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தமிழில் கேட்டான்:

"அப்பா, எனக்கும் காட்டுறீங்களா?"

நாலு வருடத்தில் அவன் எங்களிடம் பழகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் மூவரும் இருந்து கட்டினோம். ஒரு நாள் மகன் இன்னொரு புத்தகத்தோடு வந்தான். சான் மார்ட்டின் போர்த்துக்கல்லில் கட்டிய கப்பலாம். 1580இல் ஸ்பெயின் அரசன் இரண்டாம் பிலிப்பு போர்த்துக்கல்லையும் தனதாக்கியபோது ஸ்பெயின் கைக்கு வந்ததாம். எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் சொன்னோம். 1640வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசன். அந்தப் பிலிப்பின் மகன் ஆண்ட 1619இல்தான் போர்த்துக்கேயர் சங்கிலி அரசனைப் பிடித்து யாழ்ப்பாணத்தை எடுத்தார்கள்.

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "அப்ப ஏன் நாங்கள் இந்தக் கப்பலைக் கட்டுறம்?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. மனைவிதான் சொன்னா: "அரசன் ஒரு முடிச்சும் கட்டியிருக்க மாட்டான் அப்பன். கட்டினது உங்கட அப்பப்பா மாதிரி ஆக்கள்."

பெரியவருக்கு இதை மகனே மொழிபெயர்த்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சான் மார்ட்டின் திரும்பிப் போனபோது அதில் பசியாலும் நோயாலும் பலர் செத்திருந்தார்கள் என்றார்.

ஆனாலும் மகன் ஸ்பெயின் அரசனின் கொடியைக் கட்ட மறுத்தான். சரித்திரப்படி கொடி வேண்டும் என்றார் பெரியவர். இரண்டு ஞாயிறு இழுபறி. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். கொடி இருக்கட்டும், கீழே அட்டையில் எல்லாவற்றையும் எழுதி வைப்பம் என்றான். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ். 1588ஐயும் எழுதினான், 1619ஐயும் எழுதினான். "யாழ்பாணம்" என்று ஒரு எழுத்தை விட்டிருந்தான். தாய் பக்கத்தில் இருந்து "ப்" போடுவித்தா.

கப்பல் இப்போது பெரியவர் வீட்டு யன்னலில் நிற்கிறது. கடிதங்களை இன்னும் மகன்தான் வாசிக்கிறான். ஆனால் வாசித்து முடிய எங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கிறான்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளைகள் நினைப்பது அவர்கள் குற்றமில்லை. எங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் கண்டதில்லை. வலையோ, தையலோ, தச்சோ, தோட்டமோ, உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்யுங்கள். பள்ளிக்கூடப் பக்கத்தை வெட்டிவிடச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறுக்கினால்தான் பாய்மரம் நேரே நிற்கும்.