பல்லி ஏன் சாப்பிடவில்லை?



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் செல்லப் பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். 22 கட்டுரைகள் வந்தன. 14 நாய்கள், 6 பூனைகள், ஒரு முயல். எஞ்சிய ஒன்று பல்லியைப் பற்றியது. விளையாட்டாக எழுதியிருக்கிறான் என எண்ணி, முதல் பத்தியோடு நிறுத்தி, 'பல்லி செல்லப் பிராணி அன்று. மீண்டும் எழுதுக' என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் அவன் நாயைப் பற்றி எழுதி வந்தான். பிழையில்லாத, உயிரும் இல்லாத ஒரு கட்டுரை. அவன் வீட்டில் நாயே இல்லை என்று பக்கத்து இருக்கை மாணவி சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பழைய கட்டுரையைக் கேட்டு வாங்கி இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். 'பாட்டி இறந்த பிறகு அது சாப்பிடுவதே இல்லை. இன்றோடு பதினாறு நாள்' என்று முடிந்திருந்தது.

அன்று மாலையே அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "வாங்க டீச்சர், நீங்களே வந்து பாருங்க. பையனும் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறான்" என்றார். பத்து பெரண்டாமில், விமான நிலையத்திற்கு அணித்தான குடியிருப்பு. பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலால்தான் பல்லி பயந்துவிட்டது என்பது தந்தையின் கருத்து. 'ஆனால், விமானம் பாட்டி இருந்தபோதும்தானே பறந்தது' என்றான் மகன். வாதம் சரிதான்!

கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது நம் சுவரில் ஓடும் பல்லி அன்று. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலம் அதன் தாயகம். மற்றப் பல்லிகள் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. சுவரில் ஏறும் ஒட்டுப் பாதங்கள் இல்லை. கொழுப்பை வாலில் சேமித்து வைக்கும். ஆதலால், வால் பருத்திருந்தால் அது நலமாக இருக்கிறது என்று பொருள். இதன் வாலோ சற்று ஒடுங்கியிருந்தது.

நம் மக்களுக்குப் பல்லி என்றாலே பலன்தான் நினைவுக்கு வரும். எங்கே விழுந்தால் என்ன, எந்தத் திசையில் ஒலித்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. சங்கப் பாடல்களிலும் பல்லியின் ஒலி நிமித்தமாக வருகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோவிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குகிறோம். பல்லிக்குப் பசிக்குமா, குளிருமா என்றுதான் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து நான்கு இரவுகள் படித்தேன். பல்லி உண்ணாதிருக்கக் காரணங்கள் பல. தோலுரிக்கும் நாள்களில் உண்ணாது. உரிந்த தோலையே தின்றுவிடும். முட்டை சுமக்கும் பெண் பல்லி குறைவாக உண்ணும். புதிய இடத்திற்கு மாற்றினாலும், ஓயாமல் கையில் எடுத்துக் கொஞ்சினாலும், இரண்டு பல்லிகளை ஒரே தொட்டியில் அடைத்தாலும் மன அழுத்தத்தால் இரையை ஒதுக்கும். மணலைப் பரப்பி வைத்தால் இரையோடு அதையும் விழுங்கிக் குடல் அடைபடலாம். வாய்ப்புண், குடல் ஒட்டுண்ணிகள், சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஆகியனவும் உண்டு. வால் மட்டும் குச்சிபோல் மெலிந்துகொண்டே போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரியை மருத்துவர் ஐயுறுவார்.

இவை அனைத்திற்கும் முன்னால் பார்க்க வேண்டியது வெப்பம். பல்லியின் உடல் தானாக வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றுப்புறத்திலிருந்துதான் பெற வேண்டும். சிறுத்தைப் பல்லிக்குத் தொட்டியின் ஒரு மூலையில் தரை ஏறத்தாழ 31 முதல் 33 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகிவிடும். செரிக்காத பூச்சி வயிற்றிலேயே கெடும். ஆகவே, உண்ணாமல் இருப்பது அதற்கு ஒரு தற்காப்பு எனலாம். அவ்வேளையில் வாயைத் திறந்து திணிப்பது தீங்கு. அந்தத் தந்தை இருமுறை அவ்வாறு செய்திருந்தார், பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

நம் நாட்டில் குளிருக்கு எங்கே போவது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அறிவியல் அறையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து மாணவனிடம் கொடுத்து, தொட்டிக்குள் வைத்துக் குறித்து வரச் சொன்னேன். மாலை 6 மணிக்கு 29 பாகை. இரவு 10 மணிக்கு 23. காலை 6 மணிக்கு 20!

குளிரூட்டிதான். பாட்டி உயிரோடிருந்தவரை தொட்டி அவருடைய அறையில் இருந்தது. மூட்டு வலிக்காரர், காற்றாடியைக்கூடச் சுழல விடமாட்டார். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலிருந்தே காற்றென்றால் ஆகாதாம். சமையலறைக்கு ஒட்டிய அறை வேறு. கருமக்கிரியை முடிந்ததும் அவ்வறையைப் பூட்டிவிட்டுத் தொட்டியை மகன் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே இரவு முழுவதும் குளிரூட்டி 18 பாகையில் ஓடும்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். எச்சத்தைச் சோதித்ததில் ஒட்டுண்ணி இல்லை. எடை 46 கிராம். தொட்டியின் அடியில் வைக்கும் வெப்பப் பாயையும், அது சுட்டுவிடாதபடி காக்கும் தெர்மோஸ்டாட்டையும் வாங்கச் சொன்னார். வாரம் ஒருமுறை எடை பார்க்கவும், தின்னாமல் விட்ட சிள்வண்டுகளை இரவில் தொட்டிக்குள் விட்டுவைக்க வேண்டாம் என்றும் கூறினார். அவை பல்லியையே கடிக்குமாம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காத்திராமல் வரச் சொன்னார்.

(பெற்றோர்களுக்கு இரண்டு சொற்கள்: பல்லியைத் தொட்டபின் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும்; சால்மொனெல்லா கிருமி இவற்றின் உடலில் இருக்கலாம். இன்னொன்று, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை உரிமமின்றி வளர்ப்பது குற்றம். எதை வாங்குவதாயினும் முதலில் பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள்.)

காரணத்தை மாணவனுக்கு விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பல்லி பாட்டியை எண்ணி ஏங்கவில்லை, குளிரால்தான் உண்ணவில்லை என்று சொன்னால் அவன் நிம்மதியடைவான் என நினைத்தேன். வெப்பமானிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவன் முகம் வாடியது. தன்னோடு சேர்ந்து துக்கம் காத்த ஒரே உயிரையும் நான் பறித்துக்கொண்டதுபோல் நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரங்கழித்து அவனே கேட்டான்: "பாட்டி ரூம் சூடா இருந்துச்சி. பாட்டி போனதாலதான் அது குளிர் ரூமுக்கு வந்துச்சி. அப்ப நான் எழுதுனது சரிதானே டீச்சர்?"

சரிதான் என்றேன். வேறென்ன சொல்வது?

வெப்பப் பாய் வைத்த ஐந்தாம் நாள் இரவு 9.40க்குக் கைப்பேசி ஒலித்தது. இரண்டு சிள்வண்டுகளைத் தின்றுவிட்டதாம். பின்னாலிருந்து தாயார், "இவனும் ரெண்டு தோசை சாப்பிட்டான் டீச்சர்" என்றார்.

மறுநாள் பழைய கட்டுரையைத் திரும்ப வாங்கி, நான் எழுதிய சிவப்பு வரியை அடித்துவிட்டு மதிப்பெண் இட்டேன். இப்போது எடை 53 கிராம். பாட்டியின் அறையைத் திறந்து, தொட்டியை அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.