கொழுந்து மலையில் ஒரு சிறு கமெரா

நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் யாத்திரை போகிறவர்களுள் கமெரா இல்லாமற் செல்பவர் அரியர். அழகிய இடத்தில் எந்தப் பெட்டியை நீட்டினாலும் அழகிய படம் விழும் என்பது பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று. ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரையில், பனிமூட்டமும் தூறலும் வெயிலும் ஒரே நாளிற் பலமுறை மாறி மாறி வரும். கமெராவின் தரத்தைச் சோதிப்பதற்கு இதைவிடக் கண்டிப்பான பரீட்சகர் வேண்டியதில்லை.

நாம் கொண்டு சென்றது, 2012ஆம் ஆண்டிற் சோனி நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 100 என்னும் கமெரா. மின்கலத்துடன் 240 கிராம் எடை, சட்டைப்பையில் அடங்கும். படச்சுருள் இருந்த இடத்தில் இன்று ஒளியை ஏற்கும் உணரி இருக்கிறது. இக்கமெராவின் உணரி 13.2 மில்லிமீற்றர் நீளமும் 8.8 மில்லிமீற்றர் அகலமும் உடையது; சாதாரணச் சிறு கமெராக்களின் உணரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு. முற்றத்தில் வைத்த பாத்திரத்தின் வாய் அகன்றிருந்தால் மழைநீர் மிகுதியாகச் சேர்வதுபோல, பரந்த உணரியில் ஒளி மிகுதியாகச் சேரும். விலையுயர்ந்த சிறு கமெராவின் முதற் சிறப்பு இதுவே.

பனியும் ஸ்டோரும்

தலவாக்கலைக்கு அருகே சென்கிளையர் நீர்வீழ்ச்சியைப் பனி மூடியிருந்த வேளையில் முதற் சோதனை நடந்தது. வெண்பனி படத்தில் அழுக்கேறிய சாம்பல் நிறமாயிற்று. காணும் காட்சியெல்லாம் நடுத்தர வெளிச்சமுடையது என்று கருதி அளவிடுவது கமெராக்களின் இயல்பு. ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்ததும் பனி வெண்மை பெற்றது. சிறிது நேரத்தில் வெயில் எறித்தபோது பின்புறத் திரையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இதில் இல்லாதது பெருங்குறையே. 2014இல் வந்த மூன்றாவது மாதிரியில் அக்குறை நீங்கியது.

அடுத்து, தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கு அனுமதி பெற்றுச் சென்றோம். கொழுந்து வாட்டும் மாடியும், அரைக்கும் பொறிகள் சுழலும் கூடமும் மங்கிய வெளிச்சத்தில் இருந்தன. அகலக் கோணத்தில் இதன் வில்லை எஃப் 1.8 வரை திறக்கும். தூரத்துப் பொருளை அண்மையாக்க இழுத்தாலோ எஃப் 4.9 ஆகச் சுருங்கி, ஏழில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும். ஆகவே இருண்ட இடத்தில் வில்லையை இழுப்பதைவிட நாமே இரண்டடி முன்னே செல்வது நன்று. மழைக்கும் தூசிக்கும் இக்கமெராவிற் காப்பு இல்லை. குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் வந்தால் வில்லையில் நீர் படியும். சிறிது நேரம் பையை மூடியே வைத்திருத்தல் வேண்டும்.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே பொகவந்தலாவைக்குச் செல்வோர் அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தைக் காண வேண்டும். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அங்கே அடக்கமாகியிருக்கிறார். வரலாற்றுப் பாடத்திற் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தைப் படித்த மாணவர்கள், அந்தக் கமரனின் மனைவியே இவர் என்பதை அறிந்தால் வியப்படைவர். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த இவர், தமது 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமெராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன்னரே படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரி 26இற் காலமானார்.

இங்கிலாந்தில் இவர் எடுத்த டென்னிசன், டார்வின் ஆகியோரின் படங்களைப் பெயர் சொல்லிப் போற்றுகிறோம். இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றில் எளிய உழைப்பாளிகள் கம்பீரமாக நம்மை நோக்குகிறார்கள். ஆயினும் பெரும்பாலோரின் பெயரை அறிவாரில்லை.

கைக்கு வராத படம்

இக்குறை இன்னும் நீங்கவில்லை. மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்களை, வில்லையை இழுத்து, தெருவில் நின்றபடியே அவர்கள் அறியாமற் பிடித்துவிடலாம். தேயிலைப் பெட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் கூடையையும் முக்காட்டையும் புன்னகையையும் காண்கிறோம், பெயரைக் காண்கிறோமில்லை.

நாம் மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும்வரை காத்திருந்து, ஒரு மூத்த அம்மையாரிடம் அனுமதி கேட்டோம். “படம் புடிக்கிறவங்க எத்தனையோ பேரு வந்து போயிருக்காங்கய்யா. ஒரு படம்கூட எங்க கைக்கு வந்ததில்ல” என்றார். அவரது லயத்து வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பழைய படம் தொங்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குச் சென்ற தமையனார், புறப்படுமுன் எடுத்துக்கொண்ட படம் அது. 1948இற் குடியுரிமை இழந்து, பின்னர் இரு நாடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட ஒரு சமூகத்திற் புகைப்படம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. பிரிந்துபோன உறவில் மிஞ்சியதே அது.

வாசலின் மெல்லிய வெளிச்சத்தில் அவரைப் படம் எடுத்தோம். விரல்களில் ஏறிய கொழுந்துக் கறையும் நெற்றியிற் கூடைக் கயிறு பதித்த தடமும் தெளிவாக விழுந்தன. இரண்டு கோடிப் புள்ளிகள் கொண்ட இப்படத்தை 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் வரை பெரிதாக்கினாலும் தெளிவு குன்றாது. கமரன் அம்மையாரின் கண்ணாடித் தகட்டைவிட அது பெரிது!

பனியில் ஒளியைக் கூட்டியும், மழையில் மறைத்தும், வெயிலிற் பொறுமையோடும் கையாள்வோருக்கு இது மலைநாட்டுக்கு ஏற்ற நல்ல கமெரா. ஆனால் படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. விடுமுறையில் மலைநாடு செல்லும் மாணவர்கள், படம் எடுத்தவரின் பெயர், தோட்டம், பிரிவு, லயத்தின் இலக்கம் ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்களாக. ஊர் திரும்பியதும் ஒரு பிரதி அச்சிட்டு அனுப்புவதற்கு ஆகும் செலவு அற்பமே.