முன்பாரம்

தேங்காய் மண்டித் தராசில் சில மாதங்களுக்கு முன் இரண்டு பேட்டரிகளை வைத்தோம். அக்கா மகன் தன் எஸ்டீம் காரில் இருந்து கழற்றிய ஆசிட் பேட்டரி 9.8 கிலோ. அதற்குப் பதிலாக அவன் வாங்கி வந்திருந்த லித்தியம் பேட்டரி 2.4 கிலோ. வித்தியாசம் 7.4 கிலோ. கையில் தூக்கிப் பார்த்தபோது இன்னும் அதிகம் குறைந்தது போலிருந்தது. அதனால்தான் தராசில் வைக்கச் சொன்னேன். எடை விஷயத்தில் கையை நம்பக் கூடாது.

“மாமா, வண்டி பறக்கும் பாருங்க” என்றான். 

“எழுதிப் பார்ப்போம் மாப்ள” என்றேன்.

*

எழுதிப் பார்த்த கணக்கு. எஸ்டீம் வெறும் வண்டியாக ஏறக்குறைய 875 கிலோ. ஓட்டுகிறவன் 70. மொத்தம் 945. அதில் 7.4 என்றால் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்க 12 நொடி பிடிக்கும் வண்டிக்கு இதனால் மிச்சமாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு கணக்கு. பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து லிட்டர் குறைவாகப் போட்டுக்கொண்டு பந்தயக் களத்தில் இறங்கினாலே இதே 7.4 கிலோ போய்விடும், செலவில்லாமல். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்தால் அதைவிட அதிகம் குறையும். இவற்றை எல்லாம் செய்து முடித்தவன்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும். அவன் செய்து முடித்திருந்தான். பின் சீட்டு ஏற்கெனவே எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

*

ஆனால் மொத்த எடையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மறுபாதி.

எங்கள் ஊர் கோம்பையில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போதே ‘முன்பாரம், பின்பாரம்’ என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். எடை ஒன்றுதான். மூட்டை ஒரு சாண் நகர்ந்தால் மாட்டின் பாடு வேறாகிவிடும்.

எஸ்டீமுக்கு முன் சக்கர இழுவை. எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பேட்டரி எல்லாம் பானெட்டுக்குள்ளேயே. இத்தகைய வண்டிகளில் எடையில் ஐந்தில் மூன்று பங்கு முன் அச்சில்தான். வளைவில் வேகமாகத் திருப்பினால் முன் டயர்கள் முதலில் பிடி விடும். ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் மூக்கு வெளியே வழுக்கிக்கொண்டு போகும். சுத்தமான முன்பாரக் கோளாறு. பேட்டரியில் குறைந்த 7.4 கிலோ முழுவதும் அந்த மூக்கில் இருந்து குறைகிறது. முன் அச்சுக்கு மட்டும் பார்த்தால் ஒன்றேகால் சதவீதம். நேர்ச்சாலையில் தெரியாத மாற்றம் கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் தெரியலாம்.

பழைய பேட்டரியையே டிக்கிக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. எடை குறையாது, முன்பாரம் குறையும். அதற்கும் விலை இருக்கிறது. டிக்கியில் இருந்து எஞ்சின் வரை கனமான செப்புக் கேபிள் இழுக்க வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் நாலு மீட்டர் என்றால் செம்பு மட்டுமே ஒன்றேகால் கிலோ.

*

பந்தய மாட்டு வண்டி நினைவுக்கு வருகிறது. நம் பள்ளத்தாக்கில் மாடுகளின் பருவத்தை வைத்துத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரித்து ஓட்டுகிறார்கள். என்ன அழகான பெயர்கள்! வண்டியில் ஏர்க்கால், நுகம், இரண்டு சக்கரம், ஆள் நிற்கச் சட்டம். அதற்கு மேல் ஒரு கட்டை கிடையாது. ஓடும்போது சாரதி முன்னால் சாய்வதும் பின்னால் நகர்வதும் வேடிக்கைக்கு அல்ல. தன் உடம்பையே பாரமாக நகர்த்தி நுகத்தைச் சமன் செய்துகொண்டே போகிறார். காரில் அந்த வசதி இல்லை. வைத்த இடத்தில் வைத்தபடிதான்.

*

ஆசிட் பேட்டரி ஏன் இத்தனை கனம்? உள்ளே இருப்பது ஈயம். தண்ணீரைப் போலப் பதினோரு மடங்குக்கு மேல் அடர்த்தி. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்த அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஈயத் தகடுகள், கந்தக அமிலம், ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட் சொச்சம், ஆறு செல். ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்-மணி கொடுக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதைப்போல் மூன்று மடங்கு.

ஈயத்தின் பக்கம் நியாயமும் உண்டு. செத்த ஆசிட் பேட்டரியைக் கடையில் கொடுத்தால் எடைக்குக் காசு தருகிறார்கள். உருக்கினால் மறுபடி பேட்டரியாகும். லித்தியத்தை எடைக்குக் கேட்கிற கடையை உத்தமபாளையத்தில் இதுவரை நான் பார்க்கவில்லை.

*

ஆசிட்டுக்குப் பதில் லித்தியம் என்கிற மாற்றத்தைத் தொழிற்சாலையிலேயே துணிந்து செய்தது போர்ஷே. 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் வண்டிகளுக்கு 2010-இல் லித்தியம் பேட்டரியைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். ஆறு கிலோவுக்கும் குறைவு. வழக்கமான 60 ஆம்பியர்-மணி பேட்டரியைவிடப் பத்து கிலோவுக்கு மேல் மிச்சம். ஜெர்மனியில் 1,904 யூரோ. அன்றைய மதிப்பில் நம் பணம் லட்சத்துக்கு மேல். கவனிக்க வேண்டியது இதுதான்: புதிய பேட்டரியோடு வழக்கமான ஆசிட் பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள், கடுங்குளிரில் லித்தியம் தளரும் என்பதால். செய்தவர்களே குறையைச் சொல்லி மாற்றையும் கையில் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

அக்கா மகன் வாங்கிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெட்டிக்குள் மதுரை இருக்கிறது. இதை எழுதும்போது மனம் நிறைகிறது.

ஆறுமுகம் மந்திரம். தென்கோடியில் அமராபுரம் என்கிற சிற்றூரில் 1951-இல் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் முதுகலையும், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு ஜான் குட்இனஃபோடு ஆக்ஸ்ஃபோர்டிலும் டெக்சாஸிலும் வேலை. ஆக்சைடுகளை மட்டுமே நம்பியிருந்த துறையில், சல்பேட் போன்ற கூட்டு அயனிகள் உள்ள இரும்புச் சேர்மங்களில் லித்தியத்தை ஏற்றினால் வோல்டேஜ் உயர்கிறது என்று எண்பதுகளின் பிற்பகுதியில் இருவரும் காட்டினார்கள். அந்த வழியிலேயே தொண்ணூறுகளில் குட்இனஃபின் ஆய்வகத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

பாஸ்பேட்டில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருக்கிறது. சூடேறினாலும் எளிதில் விடாது. அதனால் கோபால்ட் வகையைப் போலச் சட்டென்று தீப்பிடிப்பதில்லை. இன்னொரு பொருத்தம்: ஒரு செல் 3.2 வோல்ட், நாலு சேர்ந்தால் 12.8. காரின் பன்னிரண்டு வோல்ட் அமைப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல. கோபால்ட் செல் மூன்று என்றால் 11.1, போதாது. நாலு என்றால் 14.8, மிஞ்சிவிடும்.

*

பேட்டரி மேல் ஒட்டியிருந்த சீட்டில் 36 ஆம்பியர்-மணி என்று பெரிதாக இருந்தது. அருகில் பொடி எழுத்தில் ‘ஈய பேட்டரிக்குச் சமமாக’. உண்மையான கொள்ளளவு 12.

செல்ஃப் அடிக்கும் நேரத்துக்கு அந்தச் சமன்பாடு சரி. நொடி நேரத்துக்கு நூறு, நூற்றைம்பது ஆம்பியர் தள்ளுவதில் இந்தச் சின்னப் பெட்டி ஈயத்துக்குக் குறைந்ததில்லை. வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால்தான் சாயம் வெளுக்கும். கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒரு மாதம் தாங்கும். இது பன்னிரண்டாம் நாள் படுத்துவிடும். விற்கிறவர்கள் இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். வாங்குகிறவன் இருபது வயதுப் பையன், அக்காவின் தென்னந்தோப்புக் காசு.

போன மாதம் பத்து நாள் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தான். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம், அவ்வளவுதான். மண்டி வண்டியில் இருந்து கேபிள் போட்டு எடுத்தோம். இப்போது நிறுத்தும்போதெல்லாம் நெகட்டிவ் டெர்மினலைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம்.

பந்தய வண்டிக்கு அந்த மாதிரிச் சுவிட்ச் எப்படியும் வேண்டும், எஞ்சினையும் சேர்த்து அணைக்கிற வகையாக. கவிழ்ந்து கிடக்கிற வண்டியின் மின்சாரத்தை வெளியில் இருந்து ஒரே இழுப்பில் நிறுத்த வேண்டுமே. வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணம், நடுவில் சிவப்பு மின்னல், அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீட்டர். உலகம் முழுக்க அடையாளம் ஒன்றுதான். ஸ்டிக்கரை நானே ஒட்டினேன்.

*

குளிர், வெயில் இரண்டையும் யோசிக்க வேண்டும்.

பேட்டரியில் போடுகிற குளிர்காலத் தொடக்க ஆம்பியர் கணக்கு, மைனஸ் 18 டிகிரியில் முப்பது நொடி எடுக்கும் சோதனை. ராமக்கல்மேட்டில் இருந்து எவ்வளவு காற்று இறங்கினாலும் கோம்பைக்கு அந்தக் குளிர் வராது. ஆகவே நம் ஊர் வண்டிகளுக்குச் சின்ன ஈய பேட்டரியே போதும். காசில்லாதவன் இரண்டு மூன்று கிலோவை அப்படியே குறைத்துவிடலாம். இந்த யோசனையை யாரும் சொல்வதில்லை.

லித்தியத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். போடிமெட்டு ஏறி மூணாறு போய் டிசம்பரில் தங்கினால் சில விடியல்களில் புல்லில் உறைபனி கிடக்கும். அங்கே கவனம். நமக்கு நிஜமான எதிரி வெயில். சித்திரையில் பானெட்டுக்குள் இருக்கிற சூடு எந்தப் பேட்டரிக்கும் ஆகாது. எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைத்தோம். அது 300 கிராம். எழுதி வைக்கிறேன்: மிச்சம் 7.1.

*

கோயம்புத்தூர் செட்டிபாளையம் களத்துக்கு அவன் போவது சனிக்கிழமை. அந்தக் களத்துக்குக் கரிவரதன் பெயர். எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டியவர், 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். 796 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு எத்தனை இளைஞர்களை ஓட்டவிட்டார்! அந்த எஞ்சினுக்குச் சக்தி கொஞ்சம்தான். எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லாத இடத்தில் இருந்து தொடங்கிய ஊர் அது. பையன் அங்கே போய் ஓட்டிக் கற்கட்டும். போடிமெட்டில் வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

*

வெள்ளிக்கிழமை இரவு போன்.

“மாமா, மீட்டர்ல 13.2 காட்டுது. ஃபுல்லா இருக்குல்ல?”

“அத வச்சுச் சொல்ல முடியாது மாப்ள.”

ஈயம் தன் நிலைமையைச் சொல்லிவிடும். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. இரும்பு பாஸ்பேட் அப்படி இல்லை. முக்கால் வாசியிலும் பாதியிலும் வோல்ட் அதிகம் மாறாது. கடைசியில் சரசரவென்று இறங்கும். “லித்தியத்துக்குன்னு உள்ள சார்ஜர்ல ராத்திரி போட்டு வை. டெர்மினல் நட்ட காலைல ஒரு தடவ ஸ்பேனர் வச்சுப் பாரு” என்றேன்.

“பெட்ரோல் எவ்வளவு போடட்டும்?”

“பன்னண்டு லிட்டர்.”