சுவர் தேடிப் போனேன்

வடக்கன்குளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புனிதர் தேவசகாயத்தைத்தான் கேட்பார்கள். 1745இல் அவர் திருமுழுக்குப் பெற்ற ஊர். எனக்கோ அங்கே 1872இல் கட்டிய கோயிலின் வடிவம்தான் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்கள், பீடத்தில் போய்ச் சேருகின்றன. ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு, நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் சாமியார் இரு பக்கத்தாருக்கும் தெரிவார், ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். கட்டியவருக்குக் கணக்கு நன்றாக வந்திருக்கிறது, நற்செய்திதான் வரவில்லை. 1910இல் சேசு சபைக் குரு கௌசானல் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

நான் தரையைப் பார்த்தே நடப்பதை பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த ஆச்சி கவனித்துவிட்டார்.

"என்னம்மா, கம்மலத் தொலைச்சிட்டியளா?"

"இல்ல ஆச்சி, செவரு எங்க இருந்துச்சுன்னு பாக்குறேன்."

துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாரவுக எல்லாரும் இங்கதான் தேடுதாவ. ஒங்க ஊருல கல்லறைத் தோட்டம் எத்தன?"

இரண்டு. எங்கள் ஊரில் பூசை ஒன்று, நற்கருணை வாங்க வரிசை ஒன்று. செத்தால்தான் வழி பிரியும். தலித் குடும்பங்களின் கல்லறைகள் ஓடைக்கு அந்தப் பக்கம். அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு நிமிர்ந்தால் அங்கே எரிவதும் தெரியும். யாரும் அதைச் சுவர் என்பதில்லை. 'அவங்க தோட்டம்', அவ்வளவுதான்.

"ரெண்டு ஆச்சி" என்றேன்.

"என் பேத்தி மனசுக்குப் பிடிச்சவனக் கட்டிக்கிட்டா. அவனும் வேதக்காரப் பையந்தான், சாதிதான் வேற. என் மவன் இன்னும் அவகூடப் பேசல. ஞாயித்துக்கிழம தவறாம பூசைக்கு மட்டும் வந்துருவான்." சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

இடிந்த சுவரைப் பார்த்து மகிழ வந்தவளுக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. 2022இல் தேவசகாயத்தைப் புனிதராக அறிவிக்குமுன் அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் எங்கள் ஊர் ஓடையைத் தாண்டவைக்க உரோமையிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்கும்போது ஒரு மாலை கூடுதலாக வாங்குங்கள். உங்கள் ஊரிலும் இரண்டு தோட்டம் இருந்தால் மற்றதற்கும் போங்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், ஏன் இரண்டு என்று எழுந்து கேளுங்கள்.