கம்பங்கூழ்

தலைநகரில் வாழும் தமிழன்பர்கள் இட்டிலிக்கும் தோசைக்கும் ஏங்கிய காலம் மறைந்துவிட்டது. கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் அவை நன்றாகவே கிடைக்கின்றன. ஆயினும் நாம் ஏங்கியது வேறொன்றுக்கு. அது நம் தாயார் காய்ச்சிய கம்பங்கூழ்.

நம் ஊர் கோவில்பட்டியை அடுத்த கரிசல் காடு. வானம் பார்த்த அந்தப் பூமியில் கம்பும் சோளமுமே ஏழையின் அன்னம். தாயார் கம்பில் நீர் தெளித்துப் பிசறி, உரலிலிட்டுக் குத்தி, உமியைப் புடைத்து நீக்குவார். பின்னர் இடித்துச் சலித்து மாவை வேறாகவும் நொய்யை வேறாகவும் பிரிப்பார். கரைத்த மாவு இரவு முழுவதும் மண்பானையில் புளிக்கும். மறுநாள் நொய் வெந்து வருகையில் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டுவார். ஆறியதும் உருண்டை பிடித்து நீரில் இட்டுவைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்துத் தருவார். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் உண்டு.

2001-ஆம் ஆண்டு நாம் மத்திய அரசு எழுத்தராகத் தில்லி வந்து சேர்ந்தோம். 2008-ஆம் ஆண்டுக் கோடையில் தாயார் நம்முடன் சில மாதங்கள் தங்கினார். மளிகைக் கடையில் கம்பைக் கண்டதும் அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சி முன்னறையில் வைத்திருந்தார். அன்று நம் மேலதிகாரி ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்துவிட்டார். கதவைத் திறக்கும் முன்பாக நாம் பானையைத் தூக்கிப் பால்கனியில் மறைத்தோம். தாயார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எய்யா, நல்லா மூடி வையி. வெயில் பட்டா ரொம்பப் புளிச்சிரும்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவர் தில்லியில் கூழ் காய்ச்சவில்லை. காய்ச்சுமாறு நாமும் கேட்கவில்லை. 2016-இல் அவர் மறைந்தார்.

இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நம் அலுவலகச் சிற்றுண்டிச் சாலையிலும் கம்பு இடம் பெற்றது. அதிகாரிகள் அதன் சத்தைப் புகழ்ந்து பேசினார்கள். கேட்டுக்கொண்டு நின்ற நமக்குப் பால்கனிப் பானை நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு கார்த்திகையில் கூழ் காய்ச்சத் துணிந்தோம்.

மூன்று முறை தோற்றோம். முதல் முறை பொட்டல மாவு கசந்தது. கம்பில் எண்ணெய்ப் பசை மிகுதியாதலால் அரைத்த மாவு விரைவில் கெடும் என்பதைப் பிறகே அறிந்தோம். இரண்டாம் முறை மாவு மில்லில் புதிதாக அரைத்து வந்தோம். நொய் இல்லாமையால் கூழ் பசையாயிற்று. மூன்றாம் முறை மிக்சியில் உடைத்து நொய்யும் எடுத்தோம். ஆனால் தை மாதத் தில்லிக் குளிரில் மாவு இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை.

நம் பிரிவில் பணியாற்றும் ஹரியானா நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் நகைத்தார். "குளிருக்குக் கம்பு ரொட்டி அல்லவா? இது கோடைப் பண்டம். எங்கள் தாயாரும் கம்பு மாவை மோரில் கரைத்து, வெயிலில் புளிக்க வைத்துக் காய்ச்சுவார். ராப்ரி என்போம். வீட்டிற்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கொடுப்போம்" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

சித்திரை பிறந்தது. மாவு ஓர் இரவிலேயே புளித்தது. நண்பரை வீட்டிற்கு அழைத்து, பானையை முன்னறையில் வைத்துக் கரைத்துக் கொடுத்தோம். உரலில் குத்திய கம்பின் மணம் அதில் இல்லை. ஆயினும் புளிப்பு நாம் அறிந்த புளிப்பே. நண்பர் இரண்டாம் குவளை கேட்டு வாங்கினார்.

"தாயாரிடம் கற்றுக்கொண்டீர்களா?" என்று வினவினார்.

"இல்லை, கேட்காமல் விட்டுவிட்டோம்" என்றோம். பிறகு, எவரிடமும் சொல்லாதிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரிடம் சொன்னோம்.