அருவிக்கு வந்த விருந்தினர்

ஒகேனக்கல் அருவிக்குச் செல்லும் சாலையில் பென்னாகரம் என்றோர் ஊர் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அருவி அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அவ்வூரில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறேன். பிறந்தது அதிராம்பட்டினம், ஓதியது வேலூர், ரிஸ்க் எழுதப்பட்டிருந்தது இங்கே. நான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, "கடற்கரையை விட்டு மலைக்காட்டுக்குப் போகிறீரே, அங்கே உமக்கு யாரைத் தெரியும்?" என்று இரங்கிய நண்பர் ஒருவர் உண்டு. அவருடைய இரக்கம் வீணாயிற்று. அருவிக்கு அருகே வீடு எடுத்தவனுக்கு உறவினர் குறைவதே இல்லை.

பெருநாளன்று பள்ளிவாசல் வாயிலில் முஸாபஹாச் செய்துகொண்டதோடு முடிந்துபோகும் உறவுகள் சில எல்லோருக்கும் இருக்கும். அத்தகையோரும் எங்கள் திண்ணையில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். அவர்களோடு அவர்களுடைய நண்பர்கள், அந்த நண்பர்களின் சம்பந்தி வீட்டார். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். காவிரி பெருகும் ஆடியில் மற்றொரு கூட்டம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் மூன்றாவது கூட்டம். தொலைபேசி வீட்டுக்கு வந்த பிறகு, ஸலாமுக்கு நான் பதில் சொல்லி முடிக்கும் முன்பே, "தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி வந்துவிடும். எங்கள் நலத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அருவியின் நலம்!

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். 'ஹொகே' என்றால் புகை. 'கல்லு' நம் கல்தான். பாறையில் விழுந்து தெறிக்கும் நீர்த்திவலை புகையெனத் தோன்றுவதால் வந்த பெயர். பார்க்கத்தக்க காட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த நீர் கருநாடகத்து அணைகளின் மதகைப் பொறுத்தது. 2018ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே அணைகள் நிரம்பித் திறந்துவிடப்பட்டன. கீழே மேட்டூர் அணையும் 120 அடி நிறைந்தது. அருவியில் குளிப்பதற்கும் பரிசல் ஓட்டுவதற்கும் பல நாட்கள் தடை. அவ்வேளையில் வந்திறங்கிய இரண்டு குடும்பத்தார், தடை இன்று நீங்கும், நாளை நீங்கும் என்று எங்கள் கூடத்திலேயே ஐந்து நாட்கள் காத்திருந்தார்கள். பெருக்கெடுத்தது காவிரி, வெள்ளத்தில் தத்தளித்தது எங்கள் அடுக்களை.

இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. வேடிக்கை என்கிறேன், பட்டவர்களுக்கு அது வேடிக்கையன்று. நாங்கள் இங்கே வந்த காலத்தில், இவ்வளவு பெரிய ஆற்றை அருகே வைத்துக்கொண்டு, இவ்வட்டாரத்தார் நல்ல குடிநீருக்குத் தவித்தார்கள். தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஆழ்குழாய்க் கிணறு எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்த உப்பு கூடவே வரும். சிறு வயதிலிருந்து அந்நீரைக் குடித்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நாட்பட நாட்பட எலும்பும் மூட்டும் கெடும். முன்வரிசைப் பிள்ளைகள் வாய் திறந்து 'அலிஃப், பே' ஓதும்போது அந்தக் கறைகளை நாள்தோறும் பார்த்தவன் நான். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மதரஸாவைப் பார்வையிட்டுவிட்டு, "பிள்ளைகளுக்கு மிஸ்வாக்கின் சிறப்பைச் சொல்லிக்கொடுப்பதில்லையா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். காவிரி நீரைக் குழாய்வழிக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு நடந்த அந்தப் பெரும்பணி 2013இல்தான் பயனுக்கு வந்தது.

அந்த ஆண்டுக்கு முந்திய எங்கள் வீட்டை எண்ணிப் பாருங்கள். கொல்லைப்புறக் கிணற்று நீர் குளிக்கவும் துணி துவைக்கவும். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீர் தெருமுனைக் குழாயில், அதுவும் முறைவைத்து வரும். வீட்டில் ஆறு பேர் இருக்கும்போதே குடம் எண்ணித்தான் வாழ்க்கை. பதினான்கு பேர் வந்து இறங்கினால்? வந்தவர்கள் வயிறாரப் பிரியாணி உண்டு, அருவியில் மூன்று மணி நேரம் நீராடித் திரும்பி, உப்புக் கழுவ மறுபடியும் ஒருமுறை குளிப்பார்கள். கடலில் குளித்த பழக்கம். ஆற்று நீரில் உப்பு இல்லை என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியாது. அத்தகைய நாளொன்றில், முன்னிரவு குழாயடியிலிருந்து திரும்பிய என் துணைவி குடத்தை இறக்கியபடியே சொன்னாள்: "அவங்க அருவியைப் பாக்க வந்தாங்க. நான் குடத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

புகாராகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நாற்பது பயான்களில் நான் கேட்காத ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

விருந்தோம்பலைப் பற்றி நம் மேடைகளில் பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்துரைப்பது அன்ஸாரித் தோழர் ஒருவரின் நிகழ்ச்சி. நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்த விருந்தாளியை அவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வீட்டில் குழந்தைகளின் உணவைத் தவிர வேறில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தாமும் உண்பதுபோல் பாவனை செய்து விருந்தாளியை உண்ணவைத்தார். கேட்போர் கண் கலங்குவார்கள். கலங்கத்தான் வேண்டும். ஆயினும் புகாரியில் அந்த ஹதீஸை ஊன்றி ஓதியவர்களுக்குத் தெரியும்: பசித்த குழந்தைகளைத் தூங்கவைத்தவரும், விளக்கைத் திருத்துவதுபோல் எழுந்துபோய் அணைத்தவரும் அந்த வீட்டு அம்மையார். பயானில் அந்த அம்மையாருக்குக் கிடைக்கும் இடம் அரை வாக்கியம்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வானவர்கள் விருந்தாளிகளாக வந்த வரலாற்றையும் பார்க்கலாம். 'அத்தாரியாத்' அத்தியாயத்தில் அவர்கள் வீட்டாரிடம் சென்றதைக் குறிக்க 'ராக' என்ற வினைச்சொல் வருகிறது. வெறுமனே போனார் என்பதன்று பொருள். பிறர் கவனியாதபடி நழுவிச் செல்லுதல். உணவு கொண்டுவரப் போகிறேன் என்று அறிவித்தால் விருந்தாளி 'வேண்டாம்' என்று கூச்சப்படக் கூடும் என்பதற்காக அவ்வாறு சென்றார்கள் என விரிவுரையாளர்கள் விளக்குவர். இதுவும் பலரும் சொல்வதே. ஆனால் 'ஹூத்' அத்தியாயத்தில் அதே நிகழ்ச்சி வருமிடத்தில் அவர்களுடைய துணைவியார் நின்றுகொண்டிருந்ததாகத் திருமறை குறிப்பிடுகிறது. விருந்தாளிகளுக்குப் பணிவிடை செய்து நின்றார் என்று தஃப்ஸீர்களில் ஒரு கருத்து உண்டு. கூடத்தில் அமர்ந்திருந்தோர் வானவர். நடுவே கொழுத்த கன்றின் இறைச்சி. அப்பால் நின்றுகொண்டிருந்தவர் ஒரு முதிய பெண்மணி. அந்த நிற்றலை அல்லாஹ் பதிவு செய்திருக்கிறான்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பத்துக் குறளும் விருந்தளிப்பவனை நோக்கியே பேசுகின்றன. முகம் கோணினாலும் விருந்தினர் உள்ளம் வாடுமே என்று அனிச்ச மலரைக் காட்டி எச்சரிக்கிறார். விருந்தாளி எப்போது வரலாம், எப்போது எழ வேண்டும் என்பதற்கு அந்தப் பத்தில் இடமில்லை. நம் மார்க்கம் இருவரிடமும் பேசியிருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழையாதீர் என்றும், திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்றும் 'அந்நூர்' அத்தியாயம் கட்டளையிடுகிறது. உண்டு முடித்த பின்பும் பேச்சில் இலயித்து அமர்ந்திருந்தவர்களிடம் எழுந்து போகச் சொல்ல நாயகம் (ஸல்) அவர்கள் வெட்கப்பட்ட வேளையில், அவர்களுக்காக அல்லாஹ்வே 'அல்அஹ்ஸாப்' அத்தியாயத்தில் அதைச் சொன்னான். விருந்து மூன்று நாள். அதற்கு மேல் உண்பது தருமம். வீட்டுக்காரரை இக்கட்டில் ஆழ்த்தும் வரை தங்குவது ஆகுமானதன்று. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸின் கருத்து. இந்த ஹதீஸின் முற்பாதியை நாம் மனனம் செய்திருக்கிறோம். பிற்பாதி விருந்தாளிக்கு உரியது. அதைப் பயணத்தின்போது வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம்.

மாணவர்களுக்கு நஹ்வு நடத்தும்போது ஒரு வேடிக்கை சொல்வேன். விருந்தாளியைக் குறிக்கும் 'ளைஃப்' என்ற சொல்லும், இலக்கணத்தில் வரும் 'இளாஃபத்'தும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. சாய்தல், சேர்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'வீட்டின் கதவு' என்று இரண்டு பெயர்ச்சொற்களை இணைக்கும்போது, சாயும் சொல்லாகிய முளாஃப் தன் தன்வீனைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் சேர முடியாது. அதுபோலவே, ஒரு வீட்டில் சாய வருகிறவர் தம்முடையதில் எதையேனும் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும்: காலை ஆறு மணித் தேநீரையோ, இரண்டு முறைக் குளியலையோ, மதியத்துக்கு மீன் இல்லையே என்ற முணுமுணுப்பையோ. சாயப்பட்ட சொல்லாகிய முளாஃப் இலைஹிக்கு என்ன ஆகிறது? அதற்கு ஜேர் வருகிறது. அரபியில் அதன் பெயர் 'கஸ்ர்'. முறிவு என்று பொருள். நஹ்வு படிக்காத என் துணைவி இதைக் கேட்டதும், "அது எனக்கு முன்னமே தெரியும்" என்றாள்.

நாங்கள் இருவரும் கலந்து பேசி, வீட்டில் சில ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டோம். வருகிறவர் முன்கூட்டி எழுத வேண்டும், அல்லது பேச வேண்டும். ஆடி பதினெட்டையொட்டி ஒகேனக்கல்லில் அரசு விழா நடக்கும் நாட்களில் பேருந்தில் கால் வைக்க இடமிராது. ஆகவே அந்த வாரம் வேண்டாம். மூன்று இரவுக்கு மேல் தங்க விரும்புகிறவருக்கு ஒகேனக்கல்லிலேயே அறை பேசித் தருவேன். வந்த ஆண்களில் இளைஞர் இருந்தால் காலையில் என்னோடு குழாயடிக்கு இரண்டு நடை வரவேண்டும். இந்தக் கடைசி ஒழுங்கைக் கேட்டு ஊரில் பலர் சிரித்தார்கள். ஒரு சிலர் வருத்தப்பட்டார்கள். 'ஆலிமுக்குக் கைச்சுருக்கம்' என்ற பேச்சும் கிளம்பியது. கிளம்பட்டும். அல்லாஹ் அளித்த உரிமையை விருந்தாளிக்கு மறுக்கவில்லை. அதை எவள் தோளில் ஏற்றுகிறோம் என்பதைத்தான் கேட்டோம்.

விருந்தினரே வேண்டாம் என்று நான் எழுதுவதாக யாரும் எண்ணிவிடலாகாது. தனியிடத்தில் வாழ்கிறவனுக்கு விருந்தாளி என்பவர் யார் என்பது, ஊர் நடுவே வாழ்கிறவர்களுக்கு எளிதில் விளங்காது. ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஜுபைர் ஹஜ்ஜு முடித்துத் திரும்பும் வழியில், 1184ஆம் ஆண்டு டிசம்பரில், மத்தியதரைக் கடலில் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினாத் துறை அருகே அவருடைய கப்பல் உடைந்தது. தீவு அப்போது கிறித்தவ அரசர் இரண்டாம் வில்லியமின் ஆட்சியில் இருந்தது. கரை சேர்க்கும் படகுக்காரருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம் பயணிகளுக்கு அந்த அரசரே பணம் கொடுத்ததாக இப்னு ஜுபைர் நன்றியோடு எழுதியிருக்கிறார். மெஸ்ஸினாவில் அரண்மனைப் பணியாளர் ஒருவர், தம் ஈமானை மறைத்து வாழ்பவர், இவரை வரவேற்றார். அறையிலிருந்த நம்பிக்கையற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மக்காவைப் பற்றியும் மதீனாவைப் பற்றியும் ஆவலோடு கேட்டார். அப்புண்ணியத் தலங்களிலிருந்து கொண்டுவந்த பொருள் ஏதேனும் இருந்தால் தரும்படி வேண்டினார். அங்கே விருந்தளித்தவர் யார், பெற்றவர் யார்? 'விருந்து' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியத்திலேயே அப்பொருளில் அது வருகிறது. தீவில் இருப்பவனுக்கு அந்தப் புதுமைதான் உணவு.

பென்னாகரம் தீவன்று. ஆனால் கடலோர மொழி பேசும் வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றே. ஊரிலிருந்து வருகிறவர் அவிழ்க்கும் பொட்டலத்தில் மாசியும் கருவாடும் இருக்கும். ஆற்று மீனைத் தட்டில் பார்த்து, "இதுவும் மீன்தானா?" என்று அவர்கள் முகம் சுளிப்பதைக் கேட்பதில்கூட எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி. யாருக்கு நிக்காஹ், யார் மௌத்து, எந்தப் பள்ளிவாசலுக்குப் புது மினாரா என்றெல்லாம் அவர்கள் சொல்லிக்கொண்டே போக, என் துணைவி கரண்டியை வைத்துவிட்டு அடுக்களை வாயிலில் வந்து நின்றுவிடுவாள். இதற்காக இன்னும் பத்துக் குடம் சுமக்கலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

என் உம்மா இங்கே ஒரே ஒரு முறைதான் வந்தார்கள். 2007இல், மௌத்தாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன். எட்டு நாட்கள் இருந்தார்கள். ஒகேனக்கல்லுக்கு வண்டி பேசட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். "நான் அருவியைப் பார்க்கவா வந்தேன், வாப்பா? கடலைப் பார்த்தே எனக்கு வயசாயிடுச்சு" என்றார்கள். எட்டு நாளும் அடுக்களையில் மருமகளுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு அமர்ந்து, வெங்காயம் உரித்தார்கள். இந்த ஊர் ராகிக் களியைக் கிண்டக் கற்றுக்கொண்டார்கள். விரல் சுட்டுக்கொண்டு சிரித்தார்கள். குழாயில் நீர் வரும் நேரத்தில், தூக்க முடியாதென்றாலும், வரிசையில் குடத்தை வைத்து அதன் அருகே தஸ்பீஹுடன் அமர்ந்துகொள்வார்கள். தெருப்பெண்கள் இன்றும் அந்தக் குடத்துக் கிழவியைக் கேட்கிறார்கள்.

இப்போது வீட்டுக்கே காவிரி நீர் வருகிறது. வருகிறவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள். சொந்த வாகனம், நல்ல சாலை, கைபேசியிலேயே அறை. காலையில் வந்து, படம் எடுத்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு என் சாச்சா மகன் ஒகேனக்கல்லிலிருந்து பேசினான்: "காக்கா, நாங்க கிளம்பிட்டோம், ராத்திரிக்குள்ள சேலம் தாண்டணும், வீட்டுக்கு வர நேரமில்லை." என் துணைவி இரண்டு கிலோ ராகி மாவையும் ஒரு பாத்திரத்தில் வட்டலப்பத்தையும் கட்டிக் கொடுத்து, "பேருந்து நிலையத்து முனையில் நில்லுங்கள், அந்த வழியாகத்தானே போகவேண்டும்" என்று என்னை அனுப்பினாள். கார் வந்து நின்றது; இயந்திரத்தை நிறுத்தவில்லை. பின்னிருக்கையில் தலை ஈரம் உலராத சிறுமி, நான் நின்றிருந்த தேநீர்க் கடையைக் காட்டி, "இதுதான் உங்க வீடா?" என்று கேட்டாள். வீடு உள்ளே, இரண்டு தெரு தள்ளி என்றேன்.