மனோவசியத்தால் குடியை நிறுத்த முடியுமா?



போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். ஊர் பேர் வேண்டாம். "சார், கீழே டவுன்ல ஒருத்தர் ஹிப்னாடிசம் பண்றாராம். ஒரே தடவை உட்கார வச்சா போதும், ஆயுசுக்கும் குடிக்க மாட்டாங்கன்னு விளம்பரம் வந்திருக்கு. அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். பணம் கொஞ்சநஞ்சமில்லை. காதில் கிடப்பதை அடகு வைக்கலாம் என்று இருக்கிறாள்.

இரண்டு மாதத்தில் இதே கேள்வியை என்னிடம் கேட்கும் மூன்றாவது ஆள் இவள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள். நான் டாக்டர் இல்லை. 33 வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன். ஆனால் இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து போன விஷயம்.

என் தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். கொழுந்து வண்டி ஓட்டியவன். எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டி, "போடுங்க அண்ணா" என்று அவன் சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

நம் மஞ்சூரில் குடிக்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: குளிர். ஆடி மாசத்து மழையில் நனைந்துகொண்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு உள்ளே கொஞ்சம் போனால் சூடாக இருக்கிறதாம். வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்கிற சூடு தோலுக்கு வருகிறது. நமக்குச் சூடாகத் தெரிவது உடம்பை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் சூடு. குளிரில் குடித்தவன் உடம்பு குடிக்காதவன் உடம்பைவிடச் சீக்கிரம் சில்லிட்டுப் போகும்.

தம்பி பாடம் கேட்கும் நிலையைத் தாண்டிவிட்டான். சாயங்காலம் மட்டும் என்றிருந்தது மத்தியானத்துக்கு வந்தது, பிறகு காலைக்கு வந்தது. விடிந்ததும் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று வண்டிச் சாவி துவாரத்தில் நுழையும். இந்த வரியை நன்றாகக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவன் மச்சினன்தான் விசாரித்து, மலையிறங்கி ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனார். இருட்டு அறை, திரைச்சீலை, மெல்லிய சங்கீதம். "கண் இமை கனக்கிறது, கை கனக்கிறது, இனிமேல் அந்த வாடையே உனக்குக் குமட்டும்" என்று நாற்பது நிமிஷம். வெளியே வந்தவனிடம் "இந்த நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டு கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறாய், காலையில் கை நடுங்குமா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

சொன்னபடியே அவன் குடிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் ராத்திரி வேர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றான். விடிகாலையில் வலிப்பு வந்தது. 108-க்குப் போன் போட்டு, குந்தா பாலம் தாண்டி ஊட்டி போய்ச் சேரும்வரை தம்பி மனைவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிழைத்துவிட்டான்.

அங்கே டாக்டர் சொன்ன விளக்கம் இது. மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரையும் மிதிப்பது மாதிரி. திடீரென்று பிரேக்கை எடுத்தால் வண்டி பாயும். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதது தெரியும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால், தயமின் என்கிற பி1 வைட்டமினும் ஏற்றினால், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இந்தக் கண்டம் தாண்டிவிடும்.

ஆக முதல் விஷயம்: காலையில் கை நடுங்குகிற ஆளை மனோவசியத்துக்கோ, கோயிலுக்கோ, கயிறு கட்டவோ கூட்டிப் போகுமுன் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனசிடம் பேசுவது அப்புறம். முதலில் உடம்பு.

சரி, ஹிப்னாடிசம் முழுக்கப் பொய்யா? இல்லை. அதன் கதை சுவாரசியமானது. நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் மெஸ்மர் என்ற வைத்தியர், தன் உடம்பிலிருந்து ஒரு காந்த சக்தி பாய்ந்து நோயாளிகளைக் குணப்படுத்துகிறது என்றார். கூட்டம் அலைமோதியது. 1784-ல் பிரெஞ்சு அரசர் ஒரு விசாரணைக் குழு போட்டார். அதில் இருந்தவர்கள் யார் தெரியுமா? நாம் படித்த லவாய்சியர். மின்னலைச் சோதித்த பெஞ்சமின் பிராங்க்ளின். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றிவிட்டு, ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப் போனார்கள். சக்தி ஏற்றாத மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான்! சக்தி மரத்தில் இல்லை, சிறுவனின் எதிர்பார்ப்பில் இருந்தது என்று குழு முடிவு கட்டியது.

அடுத்து வருகிறார் நம்மவர். கோவாவில் காண்டோலிம் என்ற ஊரில் 1756-ல் பிறந்த அபே ஃபரியா என்ற பாதிரியார். அவரும் பாரிஸில் மனிதர்களை அறிதுயிலில் ஆழ்த்திக் காட்டினார். ஆனால், "என்னிடம் ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனசுக்குள்ளேதான் நடக்கிறது" என்பதுதான் அவர் சொன்ன கருத்து. வித்தை காட்டுகிறவரே இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? கேலிக்கு ஆளாகி, 1819-ல் இறந்துபோனார். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. கோவா சுற்றுலா போகிறவர்கள் பாருங்கள். ஹிப்னாடிசம் என்ற பெயர் 1840-களில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற டாக்டரால் வந்தது. கிரேக்க மொழியில் ஹிப்னோஸ் என்றால் தூக்கம்.

குடிக்கு இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது ரஷ்யாவில். பெக்தெரெவ் என்ற புகழ்பெற்ற டாக்டர் குடிநோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்து அறிதுயில் வைத்தியம் செய்தார். பிற்பாடு சோவியத் காலத்தில் தோவ்ஷென்கோ என்பவர் 'கோடிங்' என்று ஒரு முறை கொண்டுவந்தார். உன் மூளையில் ஒரு குறியீடு பதித்துவிட்டேன், இனி குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று நம்பவைப்பது. பயம் இருக்கும்வரை ஆள் குடிக்க மாட்டான். பயம் தெளிந்தால்?

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. கார்த்திகை மாசம் மாலை போட்டுக்கொண்டால், அதுவரை ரோட்டோரம் விழுந்து கிடந்தவன்கூட விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்கிறான். ஒரு மண்டலம் கடையின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே சிலர் மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். ஊரே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மாலை கழுத்தில் இருக்கும்போது அவனுக்கு என்னென்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் எழ ஒரு காரணம், கூடவே விரதம் இருக்க நாலு பேர், வாய் நிறையச் சொல்ல ஒரு சரணம், "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடும் மனைவி. மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

சோதனைகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். 1966-ல் லண்டனைச் சேர்ந்த கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மனநல மருத்துவர், வழக்கமான சிகிச்சை பெற்ற குடிநோயாளிகளையும் அதோடு ஹிப்னாடிசமும் பெற்றவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதினார். கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. சமீபத்தில் நார்வேயில் 30 பேர் அளவில் ஒரு சிறிய சோதனை. ஒரு பிரிவுக்கு அறிதுயில், மறு பிரிவுக்கு உந்துதல் தரும் ஆலோசனைப் பேச்சு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருந்தன. முழு சிகிச்சையோடு சேர்ந்து வந்தால் கெடுதல் இல்லை, உதவலாம். தனியாக ஒரே நாளில் அது குடியை விரட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தம்பி கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மனநல டாக்டரிடம் மாத்திரை, வாரா வாரம் ஆலோசனை. இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். இரண்டு தடவையும் திரும்பப் போனான். அங்கே உளவியல் படித்த ஒரு அம்மா அவனுக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அதுவும் ஒரு வகையில் ஹிப்னாடிசம்தான், தனக்குத்தானே செய்துகொள்வது. குடிக்கவேண்டும் என்ற வெறி அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் இருபது முப்பது நிமிஷத்தில் தானாக இறங்கிவிடுமாம். அந்த நேரத்தைக் கடக்கவேண்டும். கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாதையில் மனசுக்குள் போ என்றார்.

டிரைவருக்குத் தெரிந்த பாதை எது? மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக முள்ளி இறங்கும் ரோடு. 43 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டு, கியர் மாற்றி, ஹாரன் அடித்து, மனசுக்குள்ளேயே இறங்குவான். "யானை நின்னா நிறுத்திட்டு, போனப்புறம் எடுப்பேன் அண்ணா" என்பான். கடைசி வளைவு வருவதற்குள் அலை இறங்கியிருக்கும்.

குடிக்காமல் இருந்து இந்த ஆவணியோடு 7 வருஷம். "அந்தாளு என்னைத் தூங்க வச்சாரு. இந்தம்மா என் கையில ஸ்டியரிங்கைக் கொடுத்தாங்க" என்று ஒருநாள் சொன்னான். அபே ஃபரியா சொன்னதும் இதைத்தான்.

இன்னும் சில விஷயங்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலக்கச் சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. 1948-ல் டென்மார்க்கில் இதன் குணம் தெரியவந்தது. சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கவேண்டியது. ரகசியமாகக் கொடுத்தால் உயிர் போகலாம்.

தமிழ்நாட்டில் இது ஒரு நோய், திட்டித் தீர்க்கும் குற்றமில்லை என்று நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். குடிநோயால் கணவரை இழந்தவர். 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே குடிப்பவருக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. மனைவி மக்களும் வந்து உட்காரவேண்டும். நோய் வீடு முழுக்கப் பரவியிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் வைத்தியம் போதுமா?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, பேர் சொல்லவேண்டியதில்லை. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்தது. விழுந்து எழுந்தவர்களே பேசுவார்கள். தம்பிக்கு அதுவும் பெரிய துணை.

கூப்பிடவேண்டிய எண்கள்: போதை மீட்புக்கு 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தமிழக அரசின் மருத்துவ உதவிக்கு 104. கட்டணம் கிடையாது. எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

போன் செய்த பெண்ணுக்கு நான் சொன்னது: "தோட்டை அடகு வைக்காதேம்மா. அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, 'டாக்டர்கிட்ட போலாம்ப்பா, நானும் கூட வர்றேன்' என்று மட்டும் சொல். முதல் தடவை எரிந்து விழுவார். அடுத்த வாரம் மறுபடி சொல்." ஒரே நாளில் மாற்றிவிடுவதாகச் சொல்கிறவரைத் தேடாதீர்கள். பத்தாவது தடவை விழுந்தாலும் பதினோராவது தடவை கூட வருகிறவராக வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

இப்படி மீண்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், கீழே எழுதுங்கள். தம்பியிடம் பேசவேண்டும் என்கிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பேசுவான்.

நலமாக இருங்கள், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்
மஞ்சூர்